தொரப்பள்ளி முதல் சக்கரவர்த்தித் திருமகன் வரை: இராஜாஜியின் கதைசொல் வாழ்வு

ஆய்வுச் சுருக்கம்

அரசியல் தலைவர், ஆட்சியாளர் என்ற நிலைகளில் மிகுதியாக ஆராயப்பட்டுள்ள சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியாரை (1878–1972) இக்கட்டுரை கதைசொல்லியாகக் கொண்டு அவரது வாழ்வை வரைகிறது. ஓசூர்ப் பகுதியின் தொரப்பள்ளியில் பிறந்த அவர் குறுங்கதை, நீதிக்கதை, இதிகாச மறுகூறல் ஆகிய மூன்று வடிவங்களைக் கையாண்டார். இவ்வடிவங்கள் அவரது பொதுவாழ்வின் எந்தெந்தக் கட்டங்களில் தோன்றின என்பதும், கதையால் இணங்க வைக்க முயன்றதும் ஆணையால் நிறைவேற்ற முயன்றதும் எங்ஙனம் வேறுபட்ட விளைவுகளைத் தந்தன என்பதும் ஆராயப்படுகின்றன. அவர் பிறந்த மண்ணின் கூத்து மரபு அவரது பாரதத்தில் இடம்பெறாமையும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இராஜாஜி, கதைசொல் மரபு, வியாசர் விருந்து, சக்கரவர்த்தித் திருமகன், ஓசூர், மதுவிலக்கு, பாரதக் கூத்து.

முன்னுரை

தமிழில் கதைசொல்லி என்ற சொல் பலரைக் குறிக்கும். திண்ணையில் பேரப்பிள்ளைகளுக்குக் கதை கூறும் முதியவர், கோயில் மண்டபத்தில் பாரதம் படிக்கும் பிரசங்கியார், இசையோடு காலட்சேபம் நிகழ்த்தும் பாகவதர், விடிய விடிய ஆடும் கூத்துக் கலைஞர் ஆகிய அனைவரும் இச்சொல்லுக்கு உரியவர்களே. இவர்கள் எவரும் புதுக்கதை புனைபவர் அல்லர். கேட்போர் ஏற்கெனவே அறிந்த கதையையே இவர்கள் கூறுகின்றனர். எனினும் எதைக் கூறுவது, எதை விடுப்பது, எங்கே நிறுத்துவது என்னும் தெரிவுகளில் அவரவர் தனித்தன்மை வெளிப்படுகிறது. இராஜாஜியின் இதிகாச நூல்கள் இம்மரபின் தொடர்ச்சியாகும். அவை வாய்மொழியாக அன்றி வார இதழின் அச்சு வழியாக மக்களைச் சென்றடைந்தன.

இராஜாஜியின் எழுத்துகளை அவரது அரசியலுக்குப் பிற்சேர்க்கையாகக் கருதுவது பொதுவழக்கு. பதவியில் இல்லாத காலத்தில் பொழுதுபோக்காக அவர் எழுதினார் என்ற எண்ணமும் உண்டு. காலவரிசையை நோக்கினால் எழுத்தும் அரசியலும் ஒன்றையொன்று தொடர்ந்து வந்துள்ளமை புலனாகும். சிறை, ஆசிரமம், பதவி விலகல் என்ற ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கதை வடிவம் தோன்றியுள்ளது. இத்தொடர்பை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எல்லை மண்ணும் கதைக் களமும்

இராஜாஜி 1878 டிசம்பர் 10ஆம் நாள் அன்றைய சேலம் மாவட்டம் ஓசூர் வட்டத்தைச் சேர்ந்த தொரப்பள்ளியில் பிறந்தார். தந்தையார் சக்கரவர்த்தி வேங்கடார்யர் அவ்வூரின் முன்சீப்பாகப் பணியாற்றியவர். தாயார் சிங்காரம்மாள். மூன்று ஆண்மக்களில் இராஜாஜியே இளையவர். தென்பெண்ணை ஆற்றை அண்டிய இச்சிற்றூர் சேலத்தைவிடப் பெங்களூருக்கு மிக அருகில் உள்ளது.

இப்பகுதியின் வரலாறு எல்லை மாற்றங்களின் வரலாறு. கிருட்டிணகிரியை உள்ளடக்கிய பாராமகால் 1792ஆம் ஆண்டு திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமாயிற்று. ஓசூரைச் சார்ந்த பாலாகாட்டுப் பகுதி 1799ஆம் ஆண்டு திப்புவின் வீழ்ச்சிக்குப் பின் கம்பெனிக்கு உரியதாயிற்று. இருபதாம் நூற்றாண்டில் சேலம் மாவட்டத்திலிருந்து 1965ஆம் ஆண்டு தருமபுரி மாவட்டமும், அதிலிருந்து 2004ஆம் ஆண்டு கிருட்டிணகிரி மாவட்டமும் பிரிக்கப்பட்டன. ஆட்சி எல்லைகள் இங்ஙனம் மாறியபோதும் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று மொழிகளும் சந்தையிலும் வயலிலும் கோயிலிலும் ஒருங்கே வழங்கும் நிலை மாறவில்லை.

மொழி வேறுபட்ட இம்மக்களுக்குப் பொதுவான கதைச் செல்வமாகப் பாரதமும் இராமாயணமும் விளங்கின. கிருட்டிணகிரி, தருமபுரிப் பகுதிகளில் திரௌபதி அம்மன் கோயில் விழாவை ஒட்டிப் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்தும் நிகழ்வது நெடுங்கால வழக்கம். அருச்சுனன் தபசு மரம் ஏறுதல், துரியோதனன் படுகளம் ஆகிய சடங்குகள் ஊரையே அரங்காக்கும். மழை வேண்டியும் ஊர் நலம் வேண்டியும் நிகழ்த்தப்படும் இவ்விழாக்களில் கதை கேட்பது வழிபாடாகவே அமைகிறது. பாரதம் அறியாதார் எவருமிலர் என்று கொள்ளத்தக்க சூழல் கொண்ட நிலப்பகுதியிலிருந்தே பிற்காலத்தில் வியாசர் விருந்தின் ஆசிரியர் தோன்றினார்.

கல்வியும் வழக்குரைஞர் தொழிலும்

தொரப்பள்ளித் திண்ணைப் பள்ளியில் தொடங்கிய இராஜாஜியின் கல்வி, குடும்பம் ஓசூருக்குக் குடிபெயர்ந்தபின் அங்குள்ள அரசுப் பள்ளியில் தொடர்ந்தது. பின்னர்ப் பெங்களூர் மத்தியக் கல்லூரியில் பயின்று 1894ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். சென்னையில் சட்டம் பயின்று 1900ஆம் ஆண்டு சேலத்தில் வழக்குரைஞராகத் தொழில் தொடங்கினார்.

வழக்குரைஞர் தொழில் அவரது எழுத்தில் ஆழ்ந்த தடம் பதித்துள்ளது. சிதறிக் கிடக்கும் நிகழ்வுகளைக் காரண காரிய முறையில் அடுக்குதல், எதிர்த்தரப்பு எழுப்பக்கூடிய வினாவை முன்னறிந்து விடையளித்தல், தேவையற்றதைத் தயக்கமின்றி நீக்குதல் ஆகிய பண்புகள் அவரது கதைகளில் பரவலாகக் காணப்படுகின்றன. வாலி வதம் போன்ற இடங்களில் இப்பண்பு இன்னும் கூர்மையுடன் வெளிப்படுகிறது.

சேலம் வாழ்க்கையில் மொழி குறித்த அக்கறையும் உருவாயிற்று. அறிவியல் கருத்துகளைத் தமிழில் கூறவியலும் என்ற நம்பிக்கையுடன் 1916ஆம் ஆண்டு தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் நிறுவப்படுவதில் அவர் முன்னின்றார். வேதியியலை எளிய உரையாடல் போக்கில் விளக்கும் திண்ணை இரசாயனம், செடிகொடிகளின் இனப்பெருக்கத்தைக் கூறும் தாவரங்களின் இல்லறம் ஆகிய பிற்கால நூல்கள் இந்நம்பிக்கையின் விளைவுகள். வேதியியலைத் திண்ணைக்கும் தாவரவியலை இல்லறத்திற்கும் கொண்டுவந்து சேர்க்கும் இத்தலைப்புகளே அவர் யாரை நோக்கி எழுதினார் என்பதைக் காட்டும். கல்லூரி காணாத வாசகருக்குப் பழகிய களத்திலிருந்து பழகாத செய்தியைத் தருவது கதைசொல்லியின் வழி.

1917 முதல் 1919 வரை அவர் சேலம் நகராட்சித் தலைவராக இருந்தார். அதற்குச் சற்றுமுன் மனைவி அலமேலு மங்கம்மாள் மறைந்தார். ஐந்து குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பு இராஜாஜியைச் சார்ந்தது. அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

சிறையும் ஆசிரமமும்

1919ஆம் ஆண்டு காந்தியடிகளின் சென்னை வருகைக்குப் பின் இராஜாஜி வருவாய் மிக்க தொழிலைத் துறந்து ஒத்துழையாமை இயக்கத்தில் ஈடுபட்டார். 1921 டிசம்பரில் கைது செய்யப்பட்டு மூன்று திங்கள் வேலூர்ச் சிறையில் இருந்தார். அங்கு எழுதிய நாட்குறிப்பு சிறையில் தவம் என்ற பெயரில் நூலாயிற்று. கைதிகளின் உணவு, உடல்நோய், காவலரின் போக்கு, படிப்பு ஆகியவற்றை மிகையின்றிப் பதிவு செய்யும் இந்நூலில் அவரது பிற்கால உரைநடையின் இயல்புகளான குறுந்தொடர், நிதானம், உணர்ச்சியை அடக்கிக் கூறும் பாங்கு ஆகியவை முழுமையாக அமைந்துள்ளன. கிரேக்க அறிஞரின் வழக்கு விசாரணையையும் இறுதி நாள்களையும் தமிழில் தந்த சோக்ரதர் என்னும் நூலும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. நீதிமன்றத்தில் நின்று உண்மை பேசும் மனிதனின் கதை வழக்குரைஞராகவும் கைதியாகவும் இருந்த ஒருவரைக் கவர்ந்தது இயல்பே.

1925 பிப்ரவரி 6ஆம் நாள் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கப்பட்டது. அதற்கான நிலத்தை அவ்வூர் நிலக்கிழார் இரத்தினசபாபதிக் கவுண்டர் அளித்தார். வறட்சி மிகுந்த அப்பகுதியில் நூற்பும் நெசவும் ஏழைப் பெண்களுக்குப் பிழைப்பாயின. தீண்டாமை ஒழிப்பும் மதுவிலக்கும் ஆசிரமத்தின் பிற நோக்கங்கள். இங்கு இராஜாஜி நேரில் கண்ட குடும்பங்களின் வாழ்வே அவரது குறுங்கதைகளுக்கு ஊற்றாயிற்று.

1929ஆம் ஆண்டு ஆசிரமத்திலிருந்து விமோசனம் என்ற திங்களிதழ் வெளிவந்தது. மதுவிலக்குப் பரப்புரையே இதன் நோக்கம். ரா. கிருஷ்ணமூர்த்தி என்னும் கல்கி இவ்விதழில் துணையாசிரியராக இருந்தார். பத்து இதழ்களே வெளிவந்தன எனினும் தமிழ்க் கதை வரலாற்றில் இதற்கு இடமுண்டு. ஒரு சமூகத் தீமையை ஒழிக்கக் கட்டுரையைவிடக் கதையே வலிய கருவி என்ற எண்ணம் இங்கு நடைமுறைப்படுத்தப்பட்டது. பிற்காலத்தில் பெரும் புகழ்பெற்ற கல்கியின் எழுத்துப் பயிற்சிக்கும் இவ்விதழ் களமாயிற்று.

இக்காலத்திலும் இதனை ஒட்டியும் எழுந்த கதைகளில் திக்கற்ற பார்வதி முதன்மையானது. அமைதியாக வாழும் ஓர் உழவர் குடும்பத்தில் குடிப்பழக்கம் நுழைவதும், கடன், வழக்கு, அவமானம் என்று துயரம் படிப்படியாகப் பெருகுவதும் இதன் பொருள். கணவனைக் கொடியவனாகவோ மனைவியைத் தெய்வமாகவோ படைக்காமல், எளிய மனிதர் சூழ்நிலையால் நசுங்குவதை இக்கதை காட்டுகிறது. சட்டமும் நீதிமன்றமும் ஏழைப் பெண்ணுக்குத் துணையாகாத நிலையை ஒரு வழக்குரைஞரே எழுதியிருப்பது இதன் வலிமை. 1974ஆம் ஆண்டு சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் இக்கதை திரைப்படமாயிற்று. பிறப்பை மறைத்து வாழ நேரும் ஒடுக்கப்பட்ட சமூக இளைஞனின் துயரைக் கூறும் அர்த்தநாரியும் ஆசிரமக் காலத்து அக்கறைகளின் வெளிப்பாடே.

இக்கதைகளின் குறையும் இங்குக் கூறத்தக்கது. கருத்தை நிறுவுவதற்காக எழுதப்பட்டமையால் பல கதைகளில் முடிவு தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. பாத்திரங்கள் தம் விருப்பப்படி நடக்க ஆசிரியர் இடந்தருவதில்லை. இதிகாசங்களை நோக்கி அவர் நகர்ந்தபோது இக்குறை தானாகவே நீங்கிற்று. அங்குக் கதை முன்பே அமைந்திருந்தது. கூறுபவர் அதனை வளைக்க இயலாது. அதனோடு உரையாடவே இயலும்.

கதையும் ஆணையும்

1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரணியம் வரை உப்புச் சத்தியாகிரக நடைப்பயணத்தை இராஜாஜி தலைமையேற்று நடத்தினார். 1937 ஜூலையில் சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானார். அதே ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் தம் சொந்த மாவட்டமான சேலத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தினார். ஓசூரும் கிருட்டிணகிரியும் அன்று அம்மாவட்டத்தின் பகுதிகள். அரசுக்கு நேர்ந்த வருவாய் இழப்பை ஈடுசெய்ய 1939ஆம் ஆண்டு விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. விமோசனம் இதழின் கதைகள் எட்டாண்டுகளுக்குள் சட்டமாயின எனலாம். எனினும் கதைக்கு எல்லைக்கோடு இல்லை, சட்டத்திற்கு உண்டு. ஓசூர் வட்டத்தின் எல்லைக்கு அப்பால் மைசூர் அரசின் ஆட்சி தொடங்கியது. சென்னை மாகாணச் சட்டம் அங்குச் செல்லாது.

ஆணை வழியின் இடர்ப்பாட்டை மொழிச் சிக்கல் இன்னும் கடுமையாக உணர்த்தியது. 1938ஆம் ஆண்டு உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கிய ஆணை பெரும் கிளர்ச்சியைத் தோற்றுவித்தது. சிறைப்பட்ட நடராசன், தாளமுத்து ஆகிய இருவர் உயிர் துறந்தனர். தமிழில் அறிவியல் கூறவியலும் என்று முயன்றவரே தமிழுக்கு எதிரானவராக மக்கள் நடுவே காணப்பட்டார். அதே ஆட்சிக் காலத்தில் ஒடுக்கப்பட்டோர் கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்ததும் அவரே. இரண்டையும் ஒருங்கே நோக்கினாலன்றி அவரது ஆளுமை விளங்காது.

1952ஆம் ஆண்டு மீண்டும் முதலமைச்சரானபோது இவ்வகை இடர்ப்பாடு திரும்பியது. 1953ஆம் ஆண்டின் தொடக்கக் கல்வித் திட்டம் சிற்றூர்ப் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வகைசெய்தது. பள்ளிகளின் இடநெருக்கடிக்கும் உடலுழைப்பின் மதிப்புக்கும் தீர்வாக அவர் இதனைக் கருதினார். பிறப்பையொட்டிய தொழிலை நிலைநிறுத்தும் குலக்கல்வித் திட்டம் என்று எதிர்த்தரப்பினர் இதனைக் கண்டித்தனர். நூற்றாண்டுகளாகக் கல்வி மறுக்கப்பட்ட சமூகங்களின் நோக்கில் இக்கண்டனம் வலுவுடையது. 1954 ஏப்ரலில் இராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

வியாசர் விருந்து

1942ஆம் ஆண்டு வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் கருத்து வேறுபாடு கொண்டு இராஜாஜி காங்கிரசிலிருந்து விலகி நின்றார். நாடெங்கும் தலைவர்கள் சிறையில் இருக்க, அவர் தனித்து வெளியே இருந்தார். 1941ஆம் ஆண்டு கல்கியும் டி. சதாசிவமும் தொடங்கிய கல்கி இதழ் இக்காலத்தில் அவருக்கு அவையாயிற்று. 1940களில் அவர் தமிழில் எழுதிய பாரதக் கதைகளின் தொகுப்பே வியாசர் விருந்து. இதன் ஆங்கில வடிவம் 1951ஆம் ஆண்டு பாரதிய வித்யா பவன் வெளியீடாக வந்து தமிழறியாத வாசகரையும் சென்றடைந்தது.

கடல்போற் பரந்த பாரதத்தை நூற்றுக்கும் மேற்பட்ட சிறு இயல்களாக இந்நூல் பகுக்கிறது. ஒவ்வோர் இயலும் ஒரே அமர்வில் படித்து முடிக்கத்தக்கது. தேவயானி, யயாதி, அட்டாவக்கிரர், யவக்கிரீதன், தருமவியாதர் முதலிய கிளைக்கதைகள் இதில் தனித்தனிக் கதைகளாக ஒளிர்கின்றன. தத்துவப் பகுதிகளும் வருணனைகளும் பெருமளவு குறைக்கப்பட்டுள்ளன. மனிதர் எடுக்கும் முடிவும் அதன் விளைவும் மட்டுமே எஞ்சுகின்றன. வீடுமரின் சூளுரை, தருமன் சூதாட ஒப்புதல், கன்னன் தன் பிறப்பறிந்தும் நண்பனை நீங்காமை ஆகிய முடிவுகளே கதையை முன்னெடுத்துச் செல்கின்றன.

இரண்டாம் உலகப்போரின் காலப் பின்னணி இந்நூலில் உணரத்தக்கது. போர் தொடங்குகையில் வகுக்கப்பட்ட நெறிகள் நாளடைவில் ஒவ்வொன்றாக மீறப்படுவதை ஆசிரியர் கவனத்துடன் பதிவு செய்கிறார். அபிமன்யு வதம், இரவுப் போர், துரோணர் வீழ்ச்சி, பாசறைப் படுகொலை என்ற வரிசையில் வென்றவரும் தோற்றவரும் ஒருங்கே தரம் தாழ்கின்றனர். பின்னாளில் அணு ஆயுதச் சோதனைக்கு எதிராகத் தொடர்ந்து எழுதிய இராஜாஜி, 1962ஆம் ஆண்டு தம் எண்பத்து மூன்றாம் வயதில் அமெரிக்கா சென்று குடியரசுத் தலைவர் கென்னடியைச் சந்தித்து வாதிட்டமையை இப்பின்னணியோடு இணைத்துக் காணலாம்.

இந்நூலில் இடம்பெறாதவையும் ஆய்வுக்குரியன. இராஜாஜி பிறந்த நிலப்பகுதியின் கூத்து மரபில் அரவான் களப்பலி மிக முதன்மையான நிகழ்வு. போத்துராஜா, முத்தால ராவுத்தர் போன்ற காவல் தெய்வங்களின் கதைகளும் திரௌபதி வழிபாட்டோடு பிணைந்தவை. இவை வியாசர் விருந்தில் இல்லை. வடமொழி மூலத்தைப் பின்பற்றியதே இதற்கு நேரடிக் காரணம். ஆயினும் தமிழ் மண்ணில் உழவரும் உழைப்பாளரும் நூற்றாண்டுகளாக வளர்த்த பாரதம் ஒன்று தம் சொந்த ஊரின் அருகிலேயே உயிர்ப்புடன் இருக்க, அச்சில் ஏறி நாடெங்கும் பரவிய பாரதம் வேறொன்றாக அமைந்தது. அடுத்த தலைமுறைப் படித்த தமிழர் பாரதம் என்று அறிந்தது பெரும்பாலும் இவ்வச்சுப் பாரதத்தையே. இந்நூலின் எளிமை தந்த பயனோடு இவ்விழப்பும் சேர்த்து எண்ணப்பட வேண்டும்.

சக்கரவர்த்தித் திருமகன்

முதலமைச்சர் பதவியிலிருந்து விலகிய அதே 1954ஆம் ஆண்டில் இராஜாஜி கல்கி இதழில் இராமாயணத்தைத் தொடங்கினார். தொடர் 1955 வரை நீடித்தது. இடையே 1954 டிசம்பர் 5ஆம் நாள் கல்கி மறைந்தார். விமோசனம் காலம் முதல் உடனிருந்த தோழரை இழந்த நிலையிலும் தொடர் நிற்கவில்லை.

இக்காலத் தமிழகத்தில் இராமாயணம் வெறும் பக்திக் கதையாக இருக்கவில்லை. பெரியார் ஈ.வெ.ரா. இராமாயணத்தை ஆரியர் திராவிடர்மேல் செலுத்திய ஆதிக்கத்தின் கதையாக விளக்கி, அதன் பாத்திரங்களைக் கடுமையாகத் திறனாய்ந்து வந்தார். எம்.ஆர். இராதாவின் இராமாயண நாடகம் அரங்கேறியதும் 1954ஆம் ஆண்டிலேயே. எனவே அக்கதையை மீண்டும் கூறுவது ஒரு தரப்பைச் சார்வதாகவே கொள்ளப்பட்டது. இராஜாஜி எதிர்த்தரப்பிற்கு நேரடி மறுப்பு எழுதும் வழியை இந்நூலில் மேற்கொள்ளவில்லை. இல்லத்துப் பெண்டிரும் சிறுவரும் படிக்கத்தக்க கதையாகவே அதனை அமைத்தார்.

வான்மீகியையும் கம்பரையும் பல இடங்களில் ஒப்பிட்டுச் செல்வது இந்நூலின் தனிச்சிறப்பு. வான்மீகியின் இராமன் மனிதனாக வருந்துவதையும், கம்பரின் காலத்தில் அவன் இறைவனாகப் போற்றப்பட்டுவிட்டதால் கவிதையின் போக்கு மாறுவதையும் அவர் எளிய முறையில் விளக்குகிறார். ஒப்பிலக்கியச் செய்தியைப் பொதுவாசகருக்கு உரியதாக்கிய முயற்சி இது. கம்பரின் அயோத்தியா காண்டத்தை 1961ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் தந்தது இம்முயற்சியின் வளர்ச்சி.

கதைசொல்லியின் தெரிவு மிகத் தெளிவாக வெளிப்படும் இடம் நூலின் முடிவாகும். முடிசூட்டு விழாவோடு இராஜாஜி கதையை நிறுத்துகிறார். சீதையைக் காட்டுக்கு அனுப்பும் உத்தர காண்டத்தை அவர் விரித்துக் கூறவில்லை. அப்பகுதியைத் தம் உள்ளம் ஏற்கவில்லை என்பதை மறைக்காது தெரிவிக்கிறார். இந்நாட்டுப் பெண்களின் ஓயாத துயரமே அக்கதையாக உருவெடுத்தது என்ற கருத்தையும் முன்வைக்கிறார். இராமனை அவதாரமாக வழிபட்ட ஒருவர், இராமன் செயலொன்றை ஏற்க மறுத்துக் கதையை நிறுத்தியிருக்கிறார். திக்கற்ற பார்வதியை எழுதிய அதே மனம் இங்கும் செயற்பட்டுள்ளது. கைவிடப்பட்ட பெண்ணின் பக்கம் நிற்கும் அம்மனம் பக்தியையும் ஓரளவு மீறியது.

1958ஆம் ஆண்டு சக்கரவர்த்தித் திருமகன் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதற்கு முன்பே, 1954ஆம் ஆண்டு, அவருக்குப் பாரத ரத்னா வழங்கப்பட்டிருந்தது.

கதைகூறும் முறை

இராஜாஜியின் கதைகூறலில் மூன்று கூறுகள் நிலையாக அமைந்துள்ளன. முதலாவது சுருக்கம். வருணனை மிகக் குறைவு. ஒரு பாத்திரத்தின் தோற்றத்தைவிட அது செய்த செயலே முன்னிறுத்தப்படுகிறது. இரண்டாவது இடையுரை. பிரசங்கியார் கதையை நிறுத்தி அவையோரை நோக்கிப் பேசுவது போல, இராஜாஜியும் கதையை நிறுத்தி வாசகரோடு பேசுகிறார். அன்றாட இல்வாழ்விலிருந்தும் நாட்டு நடப்பிலிருந்தும் ஒப்புமை காட்டிவிட்டுக் கதைக்குத் திரும்புகிறார். மூன்றாவது பேச்சுவழக்கின் ஓட்டம். கொச்சையின்றியும் புலமை நடையின்றியும் அமைந்த அவரது தமிழ், உரக்கப் படிப்பதற்கு ஏற்றது. வடசொற்களைத் தயக்கமின்றி ஆளும் இந்நடை தனித்தமிழ் நோக்கினரின் கண்டனத்திற்கு உள்ளாயிற்று. எனினும் எழுத்தறிவு பரவத் தொடங்கிய காலத்தில் ஒருவர் படிக்கப் பலர் கேட்கும் வழக்கத்திற்கு இந்நடை மிகப் பொருந்தியது.

இவ்விடத்தில் அயர்லாந்தின் பெயிக் சேயர்சு (1873–1958) என்னும் கதைசொல்லியை ஒப்பிடுவது பயன்தரும். இராஜாஜிக்கு ஐந்தாண்டு மூத்தவரான அவர், அயர்லாந்தின் மேற்குக் கரையை அடுத்த பெரிய பிளாசுகெட் தீவில் வாழ்ந்தவர். ஐரிய மொழியில் எழுதும் பயிற்சி இல்லாத அவர் தம் வாழ்க்கை வரலாற்றை மகன் எழுதக் கூறினார். அது 1936ஆம் ஆண்டு நூலாயிற்று. 1935ஆம் ஆண்டு நிறுவப்பட்ட அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணையம் அவரிடமிருந்து நூற்றுக்கணக்கான கதைகளைப் பதிவு செய்தது. அங்கு மரபுக் கதைசொல்லியின் வாய்மொழி அரசின் துணையோடு காக்கப்பட்டது. தமிழகத்தில் அரசையே நடத்திய ஒருவர் கதைசொல்லியானார். வாய்மொழிக் கலைஞரின் பாரதத்தைப் பதிவு செய்யும் முறையான முயற்சி அக்காலத்தில் இங்கு எழவில்லை. வியாசர் கூற விநாயகர் எழுதினார் என்ற தொன்மக் காட்சியோடு தொடங்கும் நூல் வியாசர் விருந்து. கூறுவோர்க்கும் எழுதுவோர்க்கும் இடையிலான அவ்வுறவு அயர்லாந்தில் நடைமுறையாயிற்று. ஓசூர், கிருட்டிணகிரிப் பகுதியின் கூத்துக் கலைஞர்க்கு அது வாய்க்கவில்லை.

இறுதி ஆண்டுகள்

1948 ஜூன் முதல் 1950 ஜனவரி வரை இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்தவர், 1959ஆம் ஆண்டு காங்கிரசுக்கு எதிராகச் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தார். ஒருகாலத்தில் இந்தியைக் கட்டாயமாக்கியவர் 1960களில் இந்தித் திணிப்பை எதிர்த்தார். 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகத்தோடு கூட்டணி கொண்டார். இம்மாற்றங்களுக்கிடையே எழுத்து தொடர்ந்தது. இராமகிருஷ்ணரின் உவமைக் கதைகளைத் தமிழில் தந்தமையும், குறை ஒன்றும் இல்லை என்னும் இசைப்பாடலை இயற்றியமையும் இவ்வாழ்வின் மற்றொரு பக்கம். எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய பஜகோவிந்தம் இசைத்தட்டில் இராஜாஜியின் முன்னுரை அவர் குரலிலேயே பதிவாகியுள்ளது. அச்சின் வழியே பேசிய கதைசொல்லியின் குரலை இன்றும் கேட்க உதவுவது அப்பதிவு.

1971ஆம் ஆண்டு தமிழக அரசு மதுவிலக்கைத் தளர்த்த முடிவு செய்தபோது, தொண்ணூற்று இரண்டு வயதான இராஜாஜி முதலமைச்சர் மு. கருணாநிதியை நேரில் கண்டு அதனைக் கைவிட வேண்டினார். வேண்டுகோள் பயன்தரவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு இறுதியில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. விமோசனம் இதழில் கதையாகத் தொடங்கி, சேலம் மாவட்டத்தில் சட்டமாகி, மாநிலம் முழுவதும் பரவிய ஒரு வாழ்நாள் முயற்சி அவர் கண்முன்னே முடிவுற்றது. 1972 டிசம்பர் 25ஆம் நாள் சென்னையில் இராஜாஜி மறைந்தார்.

முடிவுரை

இராஜாஜி ஆணையிட்டவற்றுள் பல நிலைக்கவில்லை. இந்திப் பாட ஆணை 1940ஆம் ஆண்டிலும் கல்வித் திட்டம் 1954ஆம் ஆண்டிலும் மதுவிலக்கு 1971ஆம் ஆண்டிலும் விலக்கப்பட்டன. அவர் கூறிய கதைகள் இன்றும் பதிப்பிக்கப்பட்டுப் படிக்கப்படுகின்றன. கதை கேட்பவர் ஏற்கவும் மறுக்கவும் உரிமையுடையவர். ஆணைக்கு உட்பட்டவர்க்கு அவ்வுரிமை இல்லை. இவ்வேறுபாடே இரண்டின் ஆயுளையும் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் முடிபு. உத்தர காண்டத்தை ஏற்க மறுத்த கதைசொல்லிக்குத் தெரிந்திருந்த இவ்வுண்மையை, அதிகாரத்தில் இருந்த முதலமைச்சர் எப்போதும் நினைவிற் கொள்ளவில்லை.

தொரப்பள்ளியில் அவர் பிறந்த வீடு அரசு நினைவில்லமாகப் பேணப்படுகிறது. அதனைச் சூழ்ந்த உலகம் மாறிவிட்டது. 1970களில் தொடங்கிய சிப்காட் தொழிற்பேட்டையும், அதனை அடுத்து எழுந்த ஊர்தி, கைக்கடிகாரத் தொழிற்சாலைகளும் ஓசூரைப் பெருந்தொழில் நகராக்கின. பல மாநிலத் தொழிலாளர் அங்குக் குடியேறியுள்ளனர். மூன்று மொழிகள் வழங்கிய எல்லை மண்ணில் இன்று மேலும் பல மொழிகள் வழங்குகின்றன. அச்சுப் பாரதம் நூலகங்களில் நிலைபெற்றுவிட்டது. கூத்துப் பாரதம் ஆடுவோரையும் காண்போரையும் நம்பியே வாழ்கிறது. கிருட்டிணகிரி மாவட்டத்துப் பாரதச் சொற்பொழிவாளர், கூத்துக் கலைஞர் ஆகியோரின் பாடங்களை ஊர்தோறும் பதிவு செய்து வியாசர் விருந்தோடு ஒப்பிடும் ஆய்வு இனி மேற்கொள்ளத்தக்கது. அவ்வாய்வு நிகழுமாயின், தொரப்பள்ளியின் கதைசொல்லி விடுத்துச் சென்ற பகுதி அவர் பிறந்த மண்ணிலிருந்தே நிறைவு பெறும்.